இரண்டு சம்பந்திகள், ஒரு கேபின், மூன்று நதிகள்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் இந்த விளம்பரம் இல்லாமல் இருக்காது. நீளமான வெள்ளைக் கப்பல், பின்னால் ஒரு கோட்டை, கையில் ஒயின் கிளாஸோடு சிரிக்கும் வெள்ளைக்காரத் தம்பதி. "ஆம்ஸ்டர்டாம் முதல் புடாபெஸ்ட் வரை, 15 நாள்." நம் ஆட்கள் இதில் போகலாமா, சாப்பாடு கிடைக்குமா, வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். போன செப்டம்பரில் நாங்கள் நான்கு பேர் போய் வந்தோம். நான், என் கணவர், மெல்பர்னில் எங்களோடு இருக்கும் என் அம்மா (73), சிட்னி வெஸ்ட்மீடில் மச்சினர் வீட்டில் இருக்கும் என் மாமியார் (70). அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். விளம்பரத்தில் இருக்கும் விலை, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் விலை. தனியாக ஒருவர் தங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு. எங்களுக்குச் சொன்ன தொகை டிக்கெட்டில் பாதிக்கு மேல்! இரண்டு அம்மாக்களுக்கும் தனித்தனி கேபின் என்றால் கட்டுப்படியாகாது. ஆக, சம்பந்திகள் இருவரும் 14 ராத்திரி ஒரே அறையில்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். எங்களுடையது காதல் கல்யாணம். அம்மா கும்பகோணம், சுத்த சைவம். அத்தை சீவலப்பேரிப் பக்கம், மீன் இல்லாமல் சோறு இறங்காது. கல்யாணம் ஆன 22 வருடத்தில் இருவரும் ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லை. "சௌக்கியமா சம்பந்தி?" "நல்லா இருக்கேன் சம்பந்தி." அதற்கு மேல் பேச்சே கிடையாது. அத்தை வீட்டுக்குப் போனால் அம்மா காபி மட்டும் குடிப்பாள், வயிறு சரியில்லை என்பாள். அத்தைக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் காபியை வெள்ளி டம்ளரில் கொடுப்பார். கேபின் புக் செய்த அன்று என் கணவர், "நதியில வெள்ளம் வராம இருந்தாச் சரி, ரூம்ல என்ன வந்தாலும் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்தது விசா. ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். அம்மா இங்கே நிரந்தரவாசி என்றாலும் கையில் இந்திய பாஸ்போர்ட். அவளுக்கு ஷெங்கன் விசா தேவை. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும், எங்களுக்கு ஜெர்மனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. கப்பலுக்கு முழுப் பணம் கட்டுவதற்குமுன் இதன் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகை, முகப்படம் எடுக்கும் புதிய முறையும் வந்திருக்கிறது. விமானம் இறங்கிய அன்றே கப்பல் ஏறும்படி திட்டமிடாதீர்கள். மெல்பர்னிலிருந்து 20 மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்த முழங்காலுக்கு இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும்.

கப்பல் எப்படி இருக்கும்? சிட்னி சர்குலர் கீயில் வந்து நிற்கும் மாடிமாடியான கப்பலை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது நீளம் அதிகபட்சம் 135 மீட்டர், அகலம் 11.4 மீட்டர்தான். வழியில் உள்ள லாக்குகளின் அகலம் 12 மீட்டர் என்பதால் அதற்கு மேல் கட்ட முடியாது. பயணிகள் 200-க்குள். சூதாட்டக்கூடம் இல்லை, குழந்தைகள் கூட்டம் இல்லை, பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். கடல் அலை இல்லாததால் தலைசுற்றல், வாந்தி கிடையாது. கப்பலில் பொதுவாக டாக்டர் இருக்க மாட்டார், மருந்துச் சீட்டோடு மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் சுமார் 15 சதுர மீட்டர். மெல்பர்னில் நம் மாஸ்டர் பெட்ரூமைவிடச் சின்னது. கட்டில்களைப் பிரித்துப் போடச் சொல்லலாம், ஆனால் நடுவில் ஓர் ஆள் திரும்பத்தான் இடம் இருக்கும். கீழ்த்தளம் விலை குறைவு, ஆனால் ஜன்னல் உயரத்தில், சின்னதாக, திறக்க முடியாததாக இருக்கும். பல கப்பல்களில் லிஃப்ட் அந்தத் தளத்துக்கும் மொட்டைமாடித் தளத்துக்கும் போகாது. முட்டிவலி உள்ளவர்களுக்கு நடுத்தளம்தான் சரி. பால்கனிக்குப் பணம் கொடுத்தாலும் எப்போதும் காட்சி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஊர்களில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். கொலோனில் எங்கள் திரையைத் திறந்தால் எதிரே இன்னொரு கப்பலில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அறையில் முதல் நாளே ஒரு பிரச்சினை. அம்மா அகல்விளக்கும் திரியும் கொண்டு வந்திருந்தாள். கேபினில் நெருப்பு கூடாது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. ராத்திரி அத்தை தன் பெட்டியிலிருந்து பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்தாராம். "பேரன் வாங்கிக் குடுத்தான். ஊர்ல கரண்ட் போனா ஆகும்னு வச்சிருந்தேன்." மறுநாள் காலை ஐந்து மணிக்கு அம்மா அந்த விளக்கின் முன்னால்தான் ஸ்லோகம் சொன்னாள். பதிலுக்கு, அத்தையின் குறட்டையைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாளாம். என்னிடம் மட்டும் தினமும் சொன்னாள்.

சாப்பாடு. புக் செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள். முட்டை, மீன், சூப்பில் எலும்புச் சாறு எதுவும் கூடாது என்று விளக்கமாக. ஒவ்வொரு ராத்திரியும் சமையல்காரர் வந்து மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டார். காளான், பாஸ்தா, உருளைக்கிழங்கு என்று ஒரு வாரத்தில் நாக்கு செத்துவிடும். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் பாக்கெட் காப்பாற்றும். ஆனால் வெளிநாட்டிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா வேண்டாம்.

முதல் இரண்டு நாள் அத்தையும் சைவமே வாங்கினார். மூன்றாம் நாள் ராத்திரி பக்கத்து மேஜைக்கு மீன் போனது. அத்தை பார்த்ததை அம்மா பார்த்துவிட்டாள். "சம்பந்தி, நீங்க மீன் வாங்கிக்கோங்க. எனக்காக நீங்க சாப்பிடாம இருந்தா, எனக்குத்தான் சோறு இறங்காது." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மீன் வந்தது. தட்டை அம்மாவுக்கு எட்டாமல் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அம்மா அதை இழுத்து நடுவில் வைத்தாள். நானும் என் கணவரும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், ரைனில் பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர். இரண்டு கரையிலும் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள். யுனெஸ்கோ 2002-இல் பாரம்பரிய இடமாக அறிவித்த பகுதி. அன்று மொட்டைமாடியை விட்டு இறங்காதீர்கள். அடுத்து மைன் நதியில் பாலங்கள் தாழ்வு. மாலுமியின் அறையையே கீழே இறக்கிவிட்டு, மொட்டைமாடியைப் பூட்டிவிடுவார்கள். ஊர்களில் இலவச நடைச் சுற்றுலா உண்டு. உருண்டைக் கல் பாவிய தெருக்கள், மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். வுர்ட்ஸ்பர்க்கில் அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. "நீங்க போங்க" என்றாள். அத்தையும் "எனக்கும் அரண்மனை பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது இருவரும் லவுஞ்சில் யாருடைய நதி பெரியது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"காவேரி எண்ணூறு கிலோமீட்டர்" என்றாள் அம்மா. "நீளமா இருந்து என்ன? ஜூன் 12 மேட்டூர் தொறந்தாத்தான உங்களுக்குத் தண்ணி. எங்க தாமிரபரணி பொதிகைல பொறந்து புன்னைக்காயல்ல கடல் சேருது. யார்ட்டயும் கேக்க வேண்டாம்" என்றார் அத்தை. மெல்பர்னில் இருந்தாலும் ஒவ்வொரு ஜூனிலும் "மேட்டூர் திறந்தாச்சா?" என்று கேட்கிறவள் அம்மா. அந்த அடி சரியாகப் பட்டது.

இந்த இருவருக்கும் மிகவும் பிடித்தது அரண்மனையோ மாதா கோவிலோ இல்லை, லாக்தான். இரண்டு பக்கமும் கதவு உள்ள பெரிய கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீர் விட்டால் கப்பல் லிஃப்ட் போல ஏறும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரை இப்படி அறுபதுக்கும் மேல். மைனையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாய் 1992-இல் திறந்தது. சார்லமேன் மன்னன் 793-லேயே இதற்கு முயன்றானாம். ஹில்போல்ட்ஸ்டைன் என்ற இடத்தில் ஒரே லாக்கில் சுமார் 25 மீட்டர் ஏறினோம். அதன்பின் கடல்மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தில் கப்பல் போகிறது. இந்தப் பக்கம் பெய்யும் மழை வடகடலுக்கு, அந்தப் பக்கம் பெய்வது கருங்கடலுக்கு. லாக்குக்குப் பக்கத்திலேயே தொட்டிகள் கட்டி, இறங்கும் தண்ணீரில் சுமார் 60 சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். டான்யூப் பக்கத்துத் தண்ணீரைப் பம்ப் செய்து மேலேற்றி, வறண்ட வடக்குப் பகுதிக்கும் இந்தக் கால்வாய் வழியாகவே கொடுக்கிறார்கள். கப்பல்காரர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அம்மா கேட்டாள்: "குடுக்கிறது யாரு, வாங்கிக்கிறது யாரு?" இரண்டும் பவேரியாதான் என்றேன். "அதான பாத்தேன். ஒரே மாநிலம்" என்றாள்.

இனி, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடாத விஷயம். நதியில் தண்ணீர் குறைந்தாலும் கப்பல் போகாது, அதிகமானாலும் பாலத்துக்கடியில் போகாது. 2018-லும் 2022-லும் ரைன் வற்றியது. 2024 ஜூனில் டான்யூபில் வெள்ளம். எங்களுக்கு ரேகன்ஸ்பர்க்கில் அது நடந்தது. ஸ்ட்ராபிங் முதல் ஃபில்ஸ்ஹோஃபன் வரை டான்யூபில் அணை இல்லை, ஆழம் குறைவு. காலையில் பெட்டி கட்டச் சொன்னார்கள். பஸ்ஸில் பாசாவ் போய், அங்கே எதிர்த்திசையிலிருந்து வந்து நிற்கும் இதே மாதிரிக் கப்பலில், அதே எண் கேபினில் ஏற வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு இடம் இருக்கிறது, பணம் திரும்ப வராது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பஸ்ஸில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பாசாவில் இறங்கி அம்மா நடக்க முடியாமல் நின்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரைமுனை வரை கூட்டிப் போனார். அங்கே டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறு சேர்கின்றன. இன் பனிமலைத் தண்ணீர், வெளுத்த பச்சை. இல்ஸ் கறுப்பு. கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடுகின்றன. அத்தை ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அவர் ஊர்ப் பக்கம்தான் தாமிரபரணியும் சிற்றாறும் சேரும் முக்கூடல், பள்ளு பாடப்பட்ட இடம். "பாத்தீங்களா மயினி, நம்ம முக்கூடல் மாதிரியே" என்றார்.

மயினி. 22 வருடம் சம்பந்தியாக இருந்தவளைக் கூப்பிட்ட விதத்தை அம்மா கவனித்தாளா என்று தெரியவில்லை. "ஆமா, ஆனா இதுல துணி துவைக்க ஒரு படித்துறை இல்லையே" என்று மட்டும் சொன்னாள். நகர மன்றச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் குறித்திருக்கிறார்கள். 2013-இல் வந்தது 1501-க்குப் பிறகு மிகப் பெரியது. தண்ணீர் இல்லாததால் பஸ்ஸில் வந்த நாங்கள் தலைக்கு மேலே இருந்த அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தோம்.

வியன்னா, புடாபெஸ்ட் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ராத்திரியில் விளக்கெரியும் ஹங்கேரிப் பாராளுமன்றத்தைக் கப்பலிலிருந்து பார்ப்பது நிச்சயம் ஒரு தரிசனம்தான். டிப்ஸ் கட்டணத்தில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். மீந்த ஊறுகாயைத் திரும்பக் கொண்டுவந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் மறக்காமல் அறிவியுங்கள்.

போகலாமா என்றால், அவசரமில்லாதவர்கள், ஒரே நாளில் நாலு இடம் பார்க்க ஆசைப்படாதவர்கள், பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டு ஊர் ஊராகப் போக நினைக்கும் வயதானவர்கள் தாராளமாகப் போகலாம். ஓர் ஆள் நடக்க முடியாமல் கப்பலிலேயே இருந்தாலும் நதி அவரைக் கடந்து போகும், அவர் எதையும் இழக்க மாட்டார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

பொங்கலுக்குச் சிட்னி போனோம். அம்மா அத்தை வீட்டில் இரண்டு நாள் இருந்து, இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டாள். அத்தை தனியாக ஒரு குக்கர் வாங்கி வைத்திருந்தார். இப்போது இருவரும் எக்குகா போய் மரே நதியில் துடுப்புச் சக்கரக் கப்பலில் போக வேண்டும் என்கிறார்கள். மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், விசா வேண்டாம். இரண்டு நாள் தங்கினால் எப்படி ரூம் போடட்டும் என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒரே ரூம் போடு. ஜன்னல் பக்கம் இந்தத் தடவை எனக்குன்னு மயினிகிட்ட இப்பவே சொல்லிடு."