பாட்டனார் வகுத்த நாற்பங்குத் தோட்டம்

அரபு மொழியில் தோட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ஹதீக்கா என்பது சுற்றிலும் மதில் சூழ்ந்த தோட்டம். ரவ்ளா என்பது நீர் தங்கிச் செழித்த பசும்பரப்பு. ஜன்னத் என்பது மரச்செறிவினால் மண் மறைந்த சோலை. ஜன்னத்தின் வேர்ச்சொல்லுக்கு மறைத்தல் என்பதே பொருள். முப்பதாண்டுகளாக மாணவர்களுக்கு இதனைச் சொல்லி வருகிறேன். ஆயினும், ஆம்பூரில் எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டின் பின்புறம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் மண்ணைக் காணும்போதெல்லாம் அச்சொல் என் நாவில் தடுமாறுகிறது.

அந்த வீட்டைக் கட்டியவர் என் பாட்டனார். தோல் வணிகத்தில் பொருளீட்டியவர். சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குப் போய் வந்த அவர், வீட்டின் பின்னே கிணற்றை நடுவாக வைத்துத் தோட்டத்தை நான்கு பங்காக வகுத்தார். கிணற்று நீர் கல்தொட்டியில் விழும். அங்கிருந்து குறுக்கும் நெடுக்குமாக இரு வாய்க்கால்கள் ஓடும். பாரசீகத்திலிருந்து முகலாயருடன் இந்நாட்டுக்கு வந்த ‘சார்பாக்’ என்னும் அமைப்பு இதுவே. நான்கு தோட்டங்களைப் பேசும் அர்ரஹ்மான் அத்தியாயத்தைச் சிறு வயதில் எனக்கு ஓதிக் கொடுத்தபோது, பாட்டனார் வாய்க்காலின் சந்தியில்தான் அமர்ந்திருந்தார்.

வகுப்பிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மேல்புறப் பங்கில் தென்னை. மாலை வெயிலைத் தடுக்க. பெண்கள் இருக்கும் பின்கட்டை ஒட்டி மல்லிகையும் மருதாணியும்; இரவுக் காற்றில் மணம் உள்ளே வர. மூன்றாவதில் எலுமிச்சையும் மாதுளையும். நான்காவதில் முருங்கையும் கீரையும். அதன் ஓரத்தில், குளியலறை நீர் போய்ச் சேருமிடத்தில், வாழை. ஒரு குடம் நீரும் வீணாகாத தோட்டம் அது.

முதலில் பட்டது எலுமிச்சை. நான் வேலூரில் ஓதிக்கொண்டிருந்த நாளில், விடுமுறைக்கு வந்தபோது, அதன் இலை நுனிகள் தீய்ந்தாற்போல் கருகியிருந்தன. நீர் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் இறைத்தோம். நாங்கள் இறைத்ததே அதனைக் கொன்றது. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. சோடியம் ஏறிய மண் இறுகிவிடும். மழை நீரும் உள்ளே இறங்காது. அடுத்து மல்லிகை போயிற்று. பிறகு மாதுளை.

உப்பு எங்கிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுவார்கள். பதனிடுமுன் ஊறவைக்கும்போது அவ்வளவும் கழிவுநீரில் கலக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு உண்டு. 1970களுக்குப் பின் குரோமியப் பதனம் பெருகியபோது அதனுடன் வேறு நஞ்சும் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதாகக் கண்ட ஆய்வு எடுத்துரைக்கப்பட்டுள்ளது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு மணலின் மீது தமிழகத்து மருத நிலத்தையே விரித்தார். நாமோ மருத நிலத்தையே மணலாக்கினோம்.

இங்கே என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஃபிக்ஹு நூல்களின் தொடக்கம் தூய்மை பற்றிய பாடம். நீரின் நிறம், சுவை, மணம் எதனால் மாறினால் அதன் தூய்மை கெடும் என்பது அங்கே வரும். பதனிட்ட தோல் தூய்மையாகும் என்பதும் அங்கேயே வரும். ஒரு முறை மாணவன் ஒருவன், “ஹஜ்ரத், நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணியிலே ஒளுச் செய்தால் கூடுமா?” என்று கேட்டான். “உப்பு மட்டும் என்றால் கூடும், கடல் நீரும் தூயதுதான்” என்று விடையளித்துப் பாடத்தை முடித்தேன். விடை தவறன்று. ஆனால், பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அன்று நான் எடுக்கவில்லை. நான் ஓதியது தோல் தந்த பணத்தில். என் வாய் அடைத்திருந்தது.

சென்ற ஆண்டு என் தம்பி மகன் சென்னையிலிருந்து ஒரு வரைபடத்துடன் வந்தான். புல்தரை, நீரூற்று, பூந்தொட்டி வரிசை. “இதுக்கெல்லாம் லாரித் தண்ணி வாங்கிக்கலாம், பெரியத்தா” என்றான். தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் குடிநீருக்குக் குடம் ஏந்தி நிற்கையில், மதிலுக்குள் புல்லுக்கு லாரி நீரா என்று கேட்டேன். அவன் சினக்கவில்லை. “அப்போ நீங்களே வரைஞ்சு கொடுங்க” என்றான்.

வரைந்தேன். பாட்டனாரின் நான்கு பங்கும் இரு வாய்க்காலும் அப்படியே இருக்கும். ஆனால் வாய்க்காலில் ஓடப்போவது கிணற்று நீரன்று, கூரை நீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் விழும். அதில் ஒரு பகுதி தொட்டிக்கு. எஞ்சியது மண்ணின் உப்பைக் கழுவி இறக்க. மண்ணில் ஜிப்சம் இட்டுக் கொத்திவிட வேண்டும். எலுமிச்சை நின்ற இடத்தில் பேரீச்சை. உவரை மிகவும் தாங்கும் மரம் அது. மற்றப் பங்குகளில் சப்போட்டாவும் வேம்பும், தப்பிய தென்னைகளும். நீரூற்றுக்கு ஒதுக்கிய தொகையில், மதிலுக்கு வெளியே தெருவார்க்கு வடிகட்டிய குடிநீர்க் குழாய்.

படத்தைப் பார்த்த அவன், “தோட்டம்தானே கேட்டேன் பெரியத்தா, தெரு வரைக்கும் போயிட்டீங்களே!” என்றான். கிணறு கெட்டதும் தெரு வரைக்கும்தானே என்றேன்.

குழாய் இவ்வாண்டு ரமலானுக்கு முன் பொருத்தப்பட்டது. பேரீச்சங்கன்று இரண்டில் ஒன்று பிழைத்திருக்கிறது. ராணிப்பேட்டை அருகே நவாபுகள் காலத்துச் சோலை ஒன்று இருந்தது. ஒன்பது லட்சம் என்று பொருள்படும் நவ்லாக் என்னும் பெயர் இன்றும் அவ்வூருக்கு நிற்கிறது. எங்களுக்கு இப்போதைக்கு ஒரு கன்று. மறுமை நாள் நெருங்கினாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்த நபியின் உம்மத்து நாம். அதன் நிழலைக் காண எனக்கு ஆயுள் இருக்குமோ, அல்லாஹ்வே அறிவான். தெருப் பிள்ளைகள் காண்பார்கள், இன்ஷா அல்லாஹ்.