அட்டைப் படகு

அட்டைப்பெட்டியில் படகு கட்டி, அதில் ஆளும் ஏறி உட்கார்ந்து, போட்டி போட்டு ஓட்டுகிறார்கள் என்று சொன்னால் நம் விழுப்புரம் பக்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அட்டைப் படகு அந்த மண் குதிரைக்குத் தம்பி என்று சிரிப்பார்கள்.

ஆனால் இது ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சங்கதி. 1974-இல் அமெரிக்காவில் கார்பன்டேல் என்ற ஊரில் உள்ள தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ரிச்சர்ட் ஆர்ச்சர் என்ற ஆசிரியர் தம் வடிவமைப்பு வகுப்பு மாணவர்களுக்கு இதைத்தான் தேர்வாக வைத்தார். கேள்வித்தாள் கிடையாது. அட்டையில் படகு செய், ஏறி உட்கார், தண்ணீரில் ஓட்டிக் காட்டு. அவ்வளவுதான். அது பின்னாளில் பல ஊர்களில் திருவிழாவாகவும், பள்ளிகளில் குழுவாகச் செய்யும் அறிவியல் வேலையாகவும் பரவிவிட்டது. மிகவும் கண்கொள்ளாக் காட்சியாக மூழ்கிப்போகும் படகுக்குப் பல போட்டிகளில் 'டைட்டானிக் விருது' என்று ஒரு பரிசும் கொடுக்கிறார்கள். தோற்றவனையும் சிரிக்க வைத்து அனுப்பும் அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது கனடாவில் படிக்கும் என் பேத்தியால். அவள் பள்ளியில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சில பெரிய அட்டைகளும் ஒட்டும் டேப்பும் மட்டும் கொடுத்தார்களாம். அதில் படகு செய்து, இரண்டு பேர் ஏறி, நீச்சல் குளத்தின் மறுகரைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். "தாத்தா, அட்டை தண்ணியில ஊறிடாதா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. முப்பது ஆண்டுக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் பதிவறைக் காகிதங்களோடு போயிற்று. காகிதத்தின் முதல் எதிரி கரையான், இரண்டாவது எதிரி தண்ணீர். மழைக்காலத்தில் தரையில் வைத்த கோப்புக் கட்டு எப்படி நனையும் தெரியுமா? மேலட்டை பளபளவென்று காய்ந்தே இருக்கும். வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் திரிபோல ஏறி, நடுத்தாள் வரை போய்விடும். நம் வயல் அட்டை ரத்தம் குடிக்கும், இந்த அட்டை தண்ணீர் குடிக்கும். குடிக்கும் வாய் விளிம்பில் இருக்கிறது.

"வாயைக் கட்டு கண்ணு" என்றேன். அவள் முதலில் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டி அட்டையைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் இருக்கும். அந்த நெளிவுதான் அதற்கு முதுகெலும்பு. 1856-இல் இங்கிலாந்தில் இந்த நெளிதாளுக்குக் காப்புரிமை வாங்கியது உயரமான தொப்பிகளுக்கு உள்ளே வைப்பதற்காக. 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர்தான் கண்ணாடிப் பொருள்கள் உடையாமல் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தினார். நெளிவு ஓடும் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும், குறுக்கே மடங்கிவிடும். ஆகவே படகின் நீளவாக்கில் நெளிவு ஓட வேண்டும். அடித்தளத்துக்கு இரண்டு மூன்று அடுக்கு வேண்டும்.

"காகிதத்துல நிஜமாவே யாராவது படகு ஓட்டியிருக்காங்களா?" என்று அவளுக்குச் சந்தேகம். ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டிராய் நகரில் காகிதப் பெட்டி செய்துவந்த எலிஷா வாட்டர்ஸ் என்பவர், 1860-களின் பிற்பகுதியில் மகனோடு சேர்ந்து காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி வார்னிஷ் பூசிப் பந்தயப் படகுகள் செய்தார். அவரிடம் வாங்கிய காகிதப் படகு ஒன்றில் நத்தானியல் பிஷப் என்பவர் 1874-75-இல் மெக்சிகோ வளைகுடா வரை துடுப்புப் போட்டுக்கொண்டே போனார். படகின் எடை 58 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 26 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட்டில் பாதிதான்.

அடுத்து எடைக் கணக்கு. இதை நானும் பேத்தியும் ஆளுக்கொரு தாளில் போட்டோம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. படகின் அடி 200 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 12 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதாவது, சென்டிமீட்டருக்கு 12 கிலோ தாங்கும். ஐம்பது கிலோவில் இரண்டு பிள்ளைகள், படகு ஒரு 12 கிலோ, மொத்தம் 112 கிலோ. வகுத்தால் ஒன்பதரை சென்டிமீட்டருக்குள் அமிழும். பக்கச் சுவர் 30 சென்டிமீட்டர் வைத்தால் 20 சென்டிமீட்டர் மேலே நிற்கும். தாளில் படகு மிதந்துவிட்டது.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. கோலியனூரில் பிறந்தவன் ஆனாலும், புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. சட்டம் மாறியதே தவிர எங்கள் பாடமொழி மாறவில்லை. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தையும் 'தூ கோர் ப்ளோன்ழே' என்று தொடங்கிப் பிரெஞ்சில் நெட்டுருப் போட்டோம். திரவத்தில் அமிழ்த்தப்பட்ட எந்தப் பொருளும் என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியத்தை, 'நனைந்து வெளியே வரும்' என்று முடித்துப் பையன்கள் கேலி செய்வதுண்டு. முழு வாக்கியத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன், முழு மதிப்பெண் வாங்குவேன். ஆனால் ஒரு நாளும் எங்களை ஒரு வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் அழைத்துப்போனதில்லை.

என் பக்கத்து இருக்கையில் மீனவர் குப்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். பிரெஞ்சு அவன் நாக்கில் ஏறவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனையோ நாள் வகுப்புக்கு வெளியே நின்றான். ஒரு விடுமுறை நாளில் கடற்கரையில் கட்டப்பட்டிருந்த அவன் அப்பாவின் கட்டுமரத்தைக் காட்டி என்னிடம் சொன்னான்: "இதுல மூணு பேர் வலையோட போலாம்டா. நாலாவது ஆள் ஏறினா போகும், ஆனா எல்லாருக்கும் முழங்கால் நனையும்." அன்றைக்கு அது எனக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. எத்தனை கிலோவுக்கு எத்தனை அமிழும் என்ற அதே கணக்கைத்தான் அவன் சொன்னான் என்பது, பேத்தியோடு தாளில் வகுத்துப் பார்த்தபோது எழுபது வயதுக்கு மேல் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் அவன் காட்டினான். படகு உள்ளே வெற்றிடம் இருப்பதால் மிதக்கிறது, ஓட்டை விழுந்தால் போச்சு. கட்டுமரமோ கட்டையே மிதப்பதால் மிதக்கிறது, அலை மேலே ஏறி இடுக்கு வழியே வழிந்துவிடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள், ஊறிய கட்டை கனத்துவிடும் என்பதால். அந்தக் 'கட்டுமரம்' என்ற தமிழ்ச் சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் 'கத்தாமரான்' என்று அகராதியில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொடுத்த குப்பத்துப் பிள்ளை, பிரெஞ்சில் தேறவில்லை என்று பதினான்கு வயதில் பள்ளியை விட்டுப் போனான்.

பேத்தியின் போட்டிக்கு வருகிறேன். அவள் குழுவில் ஒரு பையன் அந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம். ஆற்றங்கரை ஊரில் வளர்ந்தவன். மற்ற நால்வரும் படகுக்குள் அட்டையில் இருக்கை செய்துகொண்டிருந்தபோது, அவன் அதைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டுக் காட்டினானாம். எடை தாழ இருந்தால் படகு கவிழாது. எங்கள் தாளில் அந்தக் கணக்கு இல்லவே இல்லை. எவ்வளவு அமிழும் என்று பார்த்தோமே தவிர, எப்படிக் கவிழும் என்று பார்க்கவில்லை.

போட்டியன்று ஒல்லியாக, ஊசிபோல் செய்த படகு ஒன்று எல்லோரையும் முந்திக்கொண்டு போய், திரும்பும் இடத்தில் குப்புறக் கவிழ்ந்தது. இன்னொன்றுக்கு விளிம்பு ஊறி, பாதி வழியில் அப்பளம்போல் மடங்கியது. பேத்தியும் அந்தப் பையனும் மண்டியிட்டபடி மெதுவாகப் போய்த் திரும்பி மூன்றாவதாக வந்தார்கள். வந்த அரை நிமிடத்தில் படகு ஓரமாகச் சாய்ந்துகொண்டதாம். அதன் பிறகு அந்தப் பையன் வகுப்பில் பேச ஆரம்பித்துவிட்டான் என்று அவள் சொன்னதுதான் எனக்கு முதல் பரிசாகப் பட்டது.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம் என்று எனக்கு ஆசை. ஏன் என்றால், தண்ணீர் நம்மை விடுவதாக இல்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டத்தில் தெருவெல்லாம் ஆறாக ஓடியது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த செய்தியைப் படிக்கிறோம். தண்ணீர் பக்கம் போகாதே என்று அதட்டி வளர்த்தால், அவர்கள் சொல்லாமல் போவார்கள். அதைவிட, நீச்சல் தெரிந்த பெரியவர்கள் நாலு பேரை நிறுத்தி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நாமே இறக்கிவிடுவது மேல். செலவும் பெரிதில்லை. மளிகைக் கடையிலும் ஃப்ரிட்ஜ் விற்கும் கடையிலும் பெட்டிகள் சும்மா கிடைக்கும். டேப்புக்கு நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போடலாம். பிள்ளைகளுக்கு நீச்சலும் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள். குழு பிரிக்கும்போது நன்றாகப் படிக்கிறவர்களை ஒரு பக்கமும் மற்றவர்களை ஒரு பக்கமும் போட்டுவிடாதீர்கள். ஒப்பிக்கத் தெரிந்தவனும், வயலில் மடை திருப்பி, வாழைத் தெப்பம் கட்டிப் பழகியவனும் ஒரே படகில் ஏறட்டும். தண்ணீர் திருத்தும் விடைத்தாளில் எந்த மொழியில் எழுதினான் என்று பார்ப்பதில்லை.