அளவு சரியில்லாத இருபது சதுரங்கள்

உங்கள் வீட்டுப் பரணில், யாரோ ஆரம்பித்து முடிக்காமல் விட்ட வேலை ஏதாவது கிடக்கிறதா? எனக்கு அப்படி ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது.

மருமகளின் பிரசவத்துக்காக ஒஹையோ போயிருந்தேன். அவள் அந்த ஊர்க்காரி. ஒருநாள் பழைய அட்டைப்பெட்டியைத் திறந்து, இருபது துணிச் சதுரங்களை மேஜைமேல் பரப்பினாள். கொள்ளுப்பாட்டி கையால் தைத்தவை. பொருளாதார மந்தம் வாட்டிய 1930களில், அங்கே மாவும் கோழித்தீவனமும் பூப்போட்ட பருத்திப் பைகளில் வந்தன. பை காலியானால் கவுன் தைப்பார்கள். மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்தால் ‘க்வில்ட்’ எனும் ஒட்டுப்போர்வை. இது அந்தத் துணிதானாம்.

நான் முப்பது வருஷம் ரவிக்கை தைத்தவள். டேப் வைத்துப் பார்த்தேன். ஒன்று 12 அங்குலம், இன்னொன்று பதினொன்றரை. ஒரு சதுரத்தில் தையலே கோணல்மாணல். ‘பெருசை வெட்டிடலாம், இதைப் பிரிச்சுத் தைச்சிடலாம்’ என்று கத்தரியை எடுத்தேன். மகன் மொழிபெயர்ப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். “நோ, அம்மா!”

பார்வை மங்கிய பிறகு பாட்டி கடைசியாகத் தைத்தது அதுதானாம். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் வெள்ளைப் பட்டை வைத்துத் தைத்து, பட்டையை மட்டும் வெட்டி எல்லாவற்றையும் 13 அங்குலமாக்கினோம். சின்னதுக்கு அகலப் பட்டை, பெருசுக்கு ஒல்லிப் பட்டை. பழந்துணியில் கத்தரி படவே இல்லை. நடுவில் பஞ்சு விரிப்பு. அடியில் என் சுங்குடிப் புடவை. பத்து வருஷம் துவைத்ததில் இனிப் போவதற்குச் சாயமே கிடையாது. அகலம் போதாமல் இரண்டாக வெட்டி இணைத்தேன். மூன்றையும் சேர்த்து, எதிரெதிரே உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கைத்தையல் போட்டோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க எந்த பாஷை வேண்டும், சொல்லுங்கள்?

ஓரப்பட்டி பாக்கியிருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் முடித்தேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு ஒரு படம் வந்தது. பேத்தி முதல்முதலாகக் குப்புற விழுந்திருக்கிறாள், அந்தப் போர்வைமேல். சரியாக அந்தக் கோணல் சதுரத்தில்!

பரணை ஒருதரம் பாருங்களேன். கத்தரியை மட்டும் அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.