ரஜூலா கரை பிடித்த காலை



கேமரன் மலையிலிருந்து பார்த்தால் நமக்குக் கடல் தெரிவதில்லை. நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரத்தில், பனிக்குள் நின்று கொழுந்து பறித்து வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால், பள்ளி விடுமுறையில் பஸ் பிடித்துப் பினாங்குக்குப் போய்க் கால் நனைத்து வருவதுதான். ஆனாலும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கதை ஒரு கப்பலில்தான் ஆரம்பிக்கிறது.

"தாத்தா கப்பலில் வந்தார்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம். எந்தக் கப்பல்? எந்த வருஷம்? எந்தத் துறையில் இறங்கினார்? கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு, காலை மண்ணில் வைக்க எத்தனை நாள் ஆயிற்று? இதையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறோமா? கேட்டு வைக்க வேண்டியதன் அவசியம் என்ன என்பதை, நான் கண்ணால் பார்த்த ஒரு காலைப்பொழுதைக் கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

1966-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. என் பாட்டி முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஊருக்குப் போய் உடன்பிறந்தாரைப் பார்த்து வர ஆசைப்பட்டார். துணைக்கு என்னை அழைத்துப் போனார். பாட்டியிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் தங்க உரிமை உண்டு, குடியுரிமை இல்லை என்பதற்கு அடையாளம் அது. அப்படிப்பட்டவர்கள் வெளியூர் போனால், இன்ன தேதிக்குள் திரும்பி வரவேண்டும் என்று பெர்மிட் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தேதி தவறினால் என்ன ஆகும் என்று பாட்டிக்குத் தெரியாது. தெரியாததாலேயே பயம் அதிகம்.

திரும்பும்போது நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். அங்கே பெரிய கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தச் சமயம் கடல் கொந்தளிப்பு. இரண்டு நாள் படகு விடவில்லை. பாட்டி கையில் வைத்திருந்த நாள்களில் இரண்டு அங்கேயே கரைந்து போயின.

எங்கள் கப்பலின் பெயர் ரஜூலா. நம்மவர் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்காத முதியவர் குறைவு. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்காகக் கட்டியது. எண்ணாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டே இருக்கும். மேல்தட்டு அறைகளில் சிலர். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் நம்மைப் போலத் தளத்தில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தவர்கள்.

எங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பினாங்குத் துறைமுகத்தில் பல வருஷம் கயிறு பிடித்து வேலை செய்தவர். பாட்டி அவரை "அண்ணே" என்றார். எனக்கு அவர் தாத்தா. கப்பலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

கரை தெரிந்தது, இறங்க முடியவில்லை

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. பிற்பகலில் கீழ்த்திசையில் நீலமாக மலை எழுந்தது. "அதோ பார் தம்பி, முக்கா முனை" என்றார் தாத்தா. பினாங்குத் தீவின் வடமேற்கு மூக்கு அது. அதன் உச்சியில் 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைத் தாண்டித் தீவின் வடகரையை ஒட்டிக் கப்பல் திரும்பியது. வலப்பக்கம் தீவு. இடப்பக்கம், நீருக்கு அப்பால், கெடா மாநிலத்தின் ஜெராய் மலை. நாலாயிரம் அடி உயரம். சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் வெகு தூரத்திலிருந்தே தெரியும். கெடாவைத்தான் பழந்தமிழர் கடாரம் என்றார்கள் என்பது அறிஞர் பலர் முடிவு. 1025-ஆம் ஆண்டையொட்டி ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வந்ததும் இந்தக் கடலுக்குத்தான். விளக்கும் வரைபடமும் இல்லாத காலத்தில் மாலுமிக்கு அந்த மலைதான் வழிகாட்டி.

ஜார்ஜ் டவுன் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. 1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கொடி நாட்டிய ஊர். முனையில் பழைய கோட்டை. அதன் பக்கத்தில் விளக்குத் தூண். சற்று உள்ளே மணிக்கூண்டு. எல்லாம் கைக்கு எட்டும் தூரம்போல் தெரிந்தன. ஆனால் கப்பல் கரைக்குப் போகவில்லை. கடகடவென்று சங்கிலி ஓடும் சத்தம். நங்கூரம் விழுந்தது.

"என்ன அண்ணே, நின்னுட்டுது?" என்று பாட்டி பதறினார்.

"டாக்டர் வந்து பார்க்கணும்மா. இருட்டின பிறகு வரமாட்டார். மேலே மஞ்சள் கொடி பறந்ததைப் பார்த்தியா? அது இறங்கினாத்தான் நாம இறங்கலாம்."

நமக்கு மஞ்சள் மங்கலம். கப்பலில் மஞ்சள் கொடி என்றால், 'இன்னும் நோய்ச் சோதனை முடியவில்லை, அனுமதி கேட்டு நிற்கிறோம்' என்று பொருள். பாட்டியின் பெர்மிட் மறுநாள் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அன்றிரவு பாட்டி தூங்கவில்லை. பெர்மிட்டைச் சுருக்குப் பையில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். நானும் அரைத் தூக்கத்தில் ஊரின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கும்போது வலப்பக்கம் இருந்த ஊர், விடியலில் இடப்பக்கம் இருந்தது! ஊரா நகர்ந்தது? தாத்தா சிரித்தார். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஏற்றவற்றத்தின்போது நீரோட்டம் திசை மாறும். கப்பலும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பி நிற்கும். நங்கூரம் தன் கனத்தால் மட்டும் கப்பலைப் பிடிப்பதில்லையாம். ஆழத்தைவிடப் பல மடங்கு சங்கிலியை விட்டு, அது சேற்றில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரத்தின் கொக்கி மண்ணைக் கவ்வும்.

வடம் பிடித்த நேரம்

காலையில் டாக்டர் படகில் வந்தார். அம்மை குத்திய சான்றிதழ்களைப் பார்த்தார்கள். மஞ்சள் கொடி இறங்கியது. துறைமுகத்துப் பைலட் ஏறிவந்து மாலுமிகளுக்கு வழி சொன்னார். நங்கூரம் எழும்ப, கப்பல் மெல்ல சுவெட்டன்ஹாம் பாலத்துறையை நோக்கி நகர்ந்தது. 1904-இல் திறந்த துறை அது.

அவ்வளவு பெரிய இரும்பு மலையை எப்படி ஒட்டி நிறுத்துவார்கள்? நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத்தான் கப்பலைக் கொண்டுவருவார்களாம். ஓட்டமே பிரேக் போட்டதுபோல் அதைத் தடுத்துப் பிடிக்கும். கரை நெருங்கியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு லஸ்கர், நுனியில் கனமான முடிச்சுப் போட்ட மெல்லிய கயிற்றைச் சுழற்றி வீசினான். துறையில் நின்றவர்கள் பிடித்து இழுத்தார்கள். மெல்லிய கயிற்றின் பின்னால், தொடை பருமனில் வடம் வந்தது. அதன் வளையத்தை இரும்புத் தூணில் மாட்ட, கப்பலில் இருந்த யந்திரம் சுற்றி இறுக்கியது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பிறகு முன்னும் பின்னும் நழுவாமலிருக்கக் குறுக்கே வேறு வடங்கள். சாரங்கு விசில் ஊத, தண்டல் குரல் கொடுக்க, எல்லாம் ஒழுங்காக நடந்தது. தேர் நிலைக்கு வரும் நேரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் முகத்தில் இருக்கும் கவனம், அந்தத் துறைத் தொழிலாளிகள் முகத்திலும் இருந்தது. அவர்களில் பலர் தமிழர்.

கொட்டகையில் குடிநுழைவு அதிகாரி பெர்மிட்டைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். "முதல் முதலில் எப்போது வந்தாய்?" என்று மலாயில் கேட்டார். பாட்டிக்கு வருஷம் சொல்லத் தெரியாது. சுருக்குப் பையிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். 1936-இல் வந்து இறங்கியபோது கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், தோட்டத்து லயத்தில், மழைக்கும் கரையானுக்கும் தப்பவைத்து முப்பது வருஷம் காத்த காகிதம். அதிகாரி இரண்டையும் வைத்துப் பார்த்தார். முத்திரை விழுந்தது. பாட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது நாள் கணக்கு

வெளியே வந்தபோது பாட்டி சொன்னார்: "இது என்னடா, ஒரு ராத்திரிதானே. முதல் தடவை வந்தப்போ தீவிலே போட்டு வச்சிருந்தாங்க."

அவர் சொன்னது ஜெரெஜாக் தீவு. பினாங்கின் தென்கிழக்கே இருக்கிறது. அம்மை, காலரா வந்துவிடக் கூடாது என்று கப்பலில் வந்த தொழிலாளிகளை அங்கே இறக்கி, துணிகளுக்கு மருந்து போட்டு, நாள் கணக்கில் வைத்திருந்து அனுப்புவார்கள். அதற்குக் குவாரண்டீன் என்று பெயர்.

இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது தெரியுமா? ஐரோப்பாவில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில். இன்று குரோவேஷியா நாட்டில் உள்ள துப்ரோவ்னிக், அந்நாளில் ரகூசா என்ற வணிகத் துறைமுகம். மதில் சூழ்ந்த ஊர். அதன் துறைவாயை இரவில் சங்கிலி கட்டி அடைப்பார்களாம். கொள்ளைநோய் பரவிய காலத்தில், 1377-இல், நோயுள்ள இடங்களிலிருந்து வருகிறவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே ஊருக்குள் வரலாம் என்று அந்த ஊரார் சட்டம் போட்டார்கள். பின்னால் அது நாற்பதாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே குவாரண்டீன் என்ற பெயர் வந்தது. துப்ரோவ்னிக் பழைய நகரை 1979-இலும், நம் ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து 2008-இலும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு ஊர்களிலும் கோட்டையையும் வீதியையும் பார்க்கக் கூட்டம் வருகிறது. வாசலில் காத்துக் கிடந்தவர்களை யார் நினைக்கிறார்கள்? நாம்தான் நினைக்க வேண்டும்.

அங்கிருந்து பிறைக்கு ஃபெரி, பிறையிலிருந்து ரயிலில் தாப்பா ரோடு, பிறகு வளைந்து வளைந்து மலை ஏறும் லாரி. கடலில் வந்த பயணம் பனியில் வந்து முடிந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே ரஜூலா எதிர்த்திசையில் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு போனது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். ஒரே லயத்தில் நீல அட்டை உள்ள மகன் இங்கே, சிவப்பு அட்டை உள்ள தாய் அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. என் பாட்டி குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, "எந்த ஆண்டு வந்தாய்?" என்ற கேள்விக்கு அந்த 1936 காகிதமே பதிலாக இருந்தது. அவர் கடைசிவரை எங்களோடு இருந்தார்.

ரஜூலா 1973-இல் கைமாறி, மறுவருஷம் உடைக்கப்பட்டது. பிறகு ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985-இல் தீப்பிடித்து உயிர்கள் போயின. கடல்வழிப் பயணம் அதோடு நின்றது. கப்பலில் வந்தவர்கள் இப்போது நம்மிடையே மிகச் சிலர்.

ஆகவே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே! இந்த வாரமே வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட், சிவப்பு அட்டை, அம்மை குத்திய சீட்டு, எது கிடைத்தாலும் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். ஒரு படமும் எடுத்து வையுங்கள். பாட்டன் பாட்டி பெயர், தமிழக ஊரின் பெயர், வந்த ஆண்டு, இறங்கிய துறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாமல் பதிவு இலாகாவுக்கு அலைகிறவர்கள் இன்றும் நம்மில் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் தாமதமின்றிப் பதியுங்கள். பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்து வாங்குங்கள்.

அந்த லஸ்கர் வீசியது மெல்லிய கயிறுதான். அதைப் பிடித்தால்தான் பின்னால் வடம் வரும், கப்பல் நிற்கும். ஒரு பழைய காகிதமும் அப்படிப்பட்டதே. கைநழுவ விடாதீர்கள்.