காலடியில் ஒரு நீலம்!

திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ரங்கநாதரைச் சேவிப்பார்கள். நானும் மச்சானும் போனது பட்டாம்பூச்சி பார்க்க! (அதற்கு வீட்டில் கிடைத்த கமென்ட்டை இங்கே எழுதுவதாக இல்லை.)

ஸ்ரீரங்கத்தில் இறங்கி, ஆட்டோவில் மேலூர். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவே 25 ஏக்கரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015-ல் திறந்தது. காலை ஒன்பது, பத்து மணிக்கே போயிருக்க வேண்டும். நாங்கள் சாவகாசமாக டிபன் முடித்து உச்சி வெயிலில் போய் நின்றோம். பெரிய பூச்சிகளெல்லாம் நிழலில் ஒதுங்கிவிட்டன.

"மாப்ள, டிக்கெட் காசு போச்சு!" என்றான் மச்சான்.

அந்த நேரம் பார்த்து என் செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். புல்லுக்கு ஒரு ஜாண் மேலே நீலமாக ஏதோ துடித்தது. வெட்டுக்காயப் பூண்டின் பூவில் உட்கார்ந்து சிறகை மூடியதும் நீலத்தைக் காணோம்! வெறும் சாம்பல் நிறம், அதில் புள்ளிகள். பறந்தால் மறுபடி நீலம்.

புல் நீலன் வகை. சிறகை விரித்தாலே இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். நீலமெல்லாம் ஆணுக்குத்தான், பெண் பெரும்பாலும் பழுப்பு. (புடவைக் கடையில் நடப்பதற்கு நேர் எதிர்!) இதில் நாலைந்து ஜாதி உண்டு. முன்சிறகின் அடியில் ஒரு மச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அடையாளம் சொல்கிறார்கள். ஒன்றின் புழு புளியாரை தின்னும். இன்னொன்று நெருஞ்சியும் குப்பைக்கீரையும். நாம் 'களை' என்று பிடுங்கிப் போடுவதெல்லாம் அதற்கு மெஸ்!

இன்னொரு சமாச்சாரம். புழுவின் முதுகில் இனிப்பாக ஒரு திரவம் சுரக்கும். எறும்புகள் அதைக் குடித்துவிட்டு, புழுவை யாரும் தொடாமல் காவல் காக்கும். மாமூல் கொடுத்து பந்தோபஸ்து வாங்குகிற வித்தை அங்கேயும் உண்டு சார்!

திங்கட்கிழமை ஆபீஸ். டேபிளில் முதல் ஃபைலே வயிற்றைக் கலக்கியது. பின்பக்கப் புல்தரை முழுக்க பேவர் பிளாக் பதிக்க எஸ்டிமேட். போன மாதம் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது சாட்சாத் அடியேன்தான். டீ டைமில் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். ஏழு எண்ணினேன். எட்டாவது, எண்ணியதே மறுபடி வந்ததோ என்னவோ.

"பாம்பு வரும்னு நீங்கதானேய்யா எழுதினீங்க?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். பைக் நிறுத்துற பாதியில மட்டும் கல்லு போடலாம். மீதி இருக்கட்டும் சார்."

"அங்க என்னய்யா இருக்கு?"

கூட்டிக்கொண்டு போனேன். தொப்பையைப் பிடித்துக்கொண்டு ரொம்பச் சிரமப்பட்டுக் குனிந்தார். ரெண்டு நிமிஷம் பேச்சே இல்லை.

"இம்மாத்தூண்டு... இதுக்காகவா?" என்றார்.

ஃபைலை வாங்கி, 'மறு பரிசீலனைக்கு' என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று மத்தியானம் லஞ்ச் முடிந்து, டிபன் பாக்ஸைக் கழுவாமலே அவர் பின்பக்கம் போனதைப் பார்த்தேன்.