நெடுவழிப் புரவி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மலைக் கணவாயின் வழியே தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து முகத்தில் தெளிக்கும்போது, பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உஸ்தாதுக்கும் கிதாபு மங்கலாகத்தான் தெரியும். நாம் மாணவராயிருந்த காலத்தில் புகைவண்டி நிலையத்து வாயிலில் குதிரை வண்டிகள் வரிசையாய் நிற்கும். அங்கிருந்து அருவிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஈரப் புல்லின் வாடையும் கொள்ளின் வாடையும் கலந்த அந்த வண்டிக்குள் கால் மடக்கி அமர்ந்து சென்ற இன்பத்தை இன்றைய ஆட்டோக்கள் தருவதில்லை. அந்த இன்பத்தின் விலையை யார் கொடுத்தார் என்பதை நாம் வெகு காலம் எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ண வைத்தவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நம் சகோதரியின் மகன். ஒரு மழை மாலையில் அவர் தம் கைப்பேசியை நீட்டி, “மாமா, இந்தக் குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள்” என்றார். பந்தயம் என்ற சொல் கேட்டதுமே நாம் முகம் சுளித்தோம். சூதாட்டம் நினைவுக்கு வந்தது. “சூது அல்ல மாமா, முடியும் மட்டும் பாருங்கள்” என்றார். பார்த்தோம். பாலைவெளியில் பல மணி நேரம் ஓடி முன்னணியில் வந்த குதிரை ஒன்றை மருத்துவர் ஒருவர் மார்புக் குழாய் வைத்துச் சோதித்தார், பின்னர் ஒருவர் அதைக் கயிற்றில் பிடித்து நேர்க்கோட்டில் ஓட்டிக் காட்டினார், மருத்துவர் தலையசைத்தார். அவ்வளவுதான், முன்னணியில் வந்தவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். குதிரை சற்றே நொண்டியதாம்.

இதனை எண்டூரன்ஸ் என்கிறார்கள். நெடுந்தொலைவுக் குதிரைச் சவாரி என்று நாம் சொல்லலாம். ஒரே நாளில் 80, 120, 160 கிலோமீட்டர் என்று காடு, மலை, மணல் கடந்து ஓட்டுவது. வழியைப் பல சுற்றுகளாய்ப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரையின் நாடித் துடிப்பு, குறித்த சில நிமிடங்களுக்குள், நிமிடத்துக்கு 64 என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கியாக வேண்டும். ஓய்விலிருக்கும் குதிரைக்கு ஏறத்தாழ 28 முதல் 44 வரை துடிக்கும். ஓட்டத்தில் அது பன்மடங்காகும். துடிப்பு அடங்குவதற்கு ஆகும் நேரமும் ஓட்ட நேரத்திலேயே சேர்கிறது. ஆகவே விரட்டி ஓட்டியவன் விரட்டிய பலனை வாயிலில் இழக்கிறான். பதமாய் ஓட்டி, கடைசித் தொலைவில் இறங்கி நடந்து, நீரூற்றிக் குளிர்வித்தவன் முந்துகிறான். மருத்துவர் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தை அறிவார். ஈற்றை அழுத்தி இரத்தம் திரும்பும் வேகத்தை அளப்பார். குடலின் ஓசையையும் கேட்பார். அதன்பின் கட்டாய ஓய்வு. இறுதிக் கோட்டைத் தாண்டிய பின்னும் ஒரு சோதனை உண்டு. அதில் தவறினால் முதலில் வந்ததும் வராததற்குச் சமம்.

இக்காலப் போட்டி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1955இல் தொடங்கிய டெவிஸ் கோப்பையிலிருந்து வளர்ந்தது. வெண்டல் ராபி என்பவர் சிலருடன் சியரா நெவாடா மலைகளைக் கடந்து 100 மைலை ஒரே நாளில் குதிரைமேல் சென்று காட்டினார். இன்றும் 24 மணி நேரத்துக்குள் தகுதியுள்ள குதிரையோடு வந்து சேர்வோர் அனைவருக்கும் அங்கே வெள்ளிக் கொக்கி உண்டு. முதல் பத்துப் பேரின் குதிரைகளுள் எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு 1964 முதல் தனிக் கோப்பை வழங்குகிறார்கள். பரிசு குதிரைக்கு! நெடுவழியில் பெயர் பெற்றவை பெரும்பாலும் அரபுக் குதிரைகளே. மெல்லிய தோல் வெப்பத்தை விரைவில் வெளியேற்றுகிறது. அகன்ற நாசி காற்றை நிறைய வாங்குகிறது. இலேசான உடல் பாலையில் பழகியது.

மருமகன் கைப்பேசியை அணைத்த பிறகும் அந்த மார்புக் குழாய் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. காரணம் சொல்கிறோம்.

நமக்குப் பதினான்கு வயதிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் அருவியில் குளித்துத் திரும்பிவிட வேண்டும் என்று மாணவர் ஐவர் ஒரே வண்டியில் ஏறினோம். ஐவரை ஏற்ற வண்டிக்காரர் தயங்கினார். இரண்டு ரூபாய் கூடத் தருகிறோம் என்றோம். விரைவாய்ப் போகச் சொல்லி இன்னும் ஒரு ரூபாய் சேர்த்தோம். மேலகரம் தாண்டும் வரை பாட்டும் சிரிப்புமாய்ப் போயிற்று. சாலை ஈரமாயிருந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் குதிரை இரு முறை நின்றது. இரு முறையும் சவுக்கு விழுந்தது. இரண்டாம் முறை “அடியுங்கள்” என்று சொன்னவர் நாம்தாம். சற்றுத் தூரத்தில் அதன் முன்னங்கால்கள் மடங்கின. ஏர்க்கால் தரையில் இடித்து, நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். எங்களுக்குக் காயமில்லை. குதிரையின் வாயில் நுரை. விலாக்கள் துருத்திபோல் ஏறி இறங்கின. வண்டிக்காரர் எங்களைத் திட்டவில்லை. சேணத்தை அவிழ்த்து, ஈரத் தரையில் அமர்ந்து அதன் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் கூலியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று நடந்தே அருவிக்குப் போனோம். குளித்தோம். தொழுதோம். அடுத்த வாரம் நிலையத்து வாயிலில் அந்த வண்டியைக் காணவில்லை. அதற்கடுத்த வாரமும் காணவில்லை. எங்கே என்று யாரிடமும் நாம் கேட்கவில்லை.

இதில் நம்மைக் கூடுதலாய் வெட்கப்படுத்துவது நாம் ஓதிக்கொடுத்த கல்வி. ஸஹீஹுல் புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை தூரம் வகுத்தார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் என்பார் ஓர் அறிவிப்பாளர், ஆறு அல்லது ஏழு என்பார் மற்றொருவர். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரைதான். அது ஏறத்தாழ ஒரே மைல். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைத் தொழுகைப் பகுதியிலும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இன்னாருடைய பள்ளிவாசல் என்று பெயரிட்டுச் சொல்லலாமா என்ற கேள்விக்கு ஆதாரமாக. நாமும் ஆண்டுதோறும் பள்ளிவாசலின் பெயரை விளக்கிவிட்டு ஏடு திருப்பினோம். அதே வரியில் நின்றுகொண்டிருந்த குதிரையைப் பார்க்கவில்லை!

பக்குவப்படுத்துதல் என்று நாம் மொழிபெயர்ப்பதற்கு அரபியில் தள்மீர் என்று பெயர். குதிரைக்கு முதலில் நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் தீனியைத் தேவையளவுக்குக் குறைத்து, கொட்டிலில் போர்வை போர்த்தி வியர்க்க விடுவார்கள். வியர்வை உலர உலரச் சதை இறுகும், மூச்சு நீளும். இப்படிப் பழகிய குதிரைக்கு ஓர் அளவு, பழகாததற்கு வேறோர் அளவு. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தி விரட்டவில்லை. இன்று மருத்துவர் வாயிலில் நின்று அளப்பதும் இந்தத் தாங்கும் சக்தியைத்தானே?

இன்னொன்றும் உண்டு. திருமறையின் 100ஆம் அத்தியாயமான அல்ஆதியாத், மூச்சிரைக்க ஓடும் புரவிகளின்மீது ஆணையிட்டுத் தொடங்குகிறது (ஒட்டகங்கள் என்று பொருள் கொண்டோரும் உளர்). ஆணையிட்டுச் சொல்ல வந்த செய்தி, மனிதன் தன் இறைவனுக்கு நன்றி கெட்டவன் என்பது. அந்தச் சூராவைத் தொழுகையில் ஓதும்போதெல்லாம், மேலகரத்துக்கு அப்பால் அந்த ஏற்றம் நம் கண்முன் வந்துவிடுகிறது.

குதிரைக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. முருகனைக்கூட அச்சொல்லால் அழைத்தார் அருணகிரிநாதர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய கதையை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்கிறார் வஸ்ஸாஃப். ஒன்றுக்கு விலை 220 பொன் தீனார். கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்தான் என்கிறார். நம்மவர் இப்பெருமையைப் பேசாத மேடையில்லை. அதே சாட்சிகள் சொல்லும் மறுபாதியை மட்டும் யாரும் பேசுவதில்லை. வந்த குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் விரைவிலேயே மடிந்தன என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வைத்தியர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லை, குதிரைகள் சாகச் சாக வணிகம் பெருகுமல்லவா என்று அவர் குற்றமும் சாட்டுகிறார். வறுத்த தானியத்தை வெண்ணெயிட்டுத் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பாலைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று வியக்கிறார் வஸ்ஸாஃப். அன்பில்லாமல் இல்லை; அறிவுதான் இல்லை. மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு ஓர் அயலாரின் மிகையாகவும் இருக்கலாம். ஆயினும் ஐவரை ஏற்றிக்கொண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்த நமக்கு, அந்த வணிகர்களுக்காக வழக்காடும் தகுதியில்லை.

இவ்விளையாட்டு குற்றமற்றது என்றும் சொல்லமாட்டோம். பணமும் புகழும் புகுந்த இடத்தில் குதிரையின் கால் முறிந்தது. குதிரைகளின் நலம் காக்கப்படவில்லை என்பதற்காக 2015இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் சில மாதங்கள் விலக்கி வைத்தது. துபாயில் நடக்கவிருந்த 2016 உலகப் போட்டி ஸ்லோவாக்கியாவுக்கு மாற்றப்பட்டது. 2018இல் அமெரிக்காவின் டிரையனில் வெப்பமும் ஈரமும் மிகுந்ததால் போட்டியை நடுவிலேயே இரத்துச் செய்தார்கள். தள்மீர் என்ற சொல்லை உலகுக்குத் தந்த மண்ணுக்கே இந்த அவப்பெயரா என்று மருமகனிடம் கேட்டோம். அவர், “மாமா, அங்கே விதிகளை இப்போது இறுக்கிவிட்டார்கள்” என்றார். இறுக்கியிருந்தால் நல்லது.

மலைக்கு அப்புறத்திலிருந்து நல்ல செய்தி ஒன்றும் உண்டு. மலப்புறம் மாவட்டத்துத் திரூரைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் என்ற இளம்பெண், 2023இல் பிரான்சின் காஸ்டல்சாக்ராவில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிடத்தில் கடந்தார். 2024இல் மோன்பாசியேயில் நடந்த மூத்தோர் உலகப் போட்டியில் 160 கிலோமீட்டரை 10 மணி 23 நிமிடத்தில் முடித்தார். அவற்றை முடித்த முதல் இந்தியர் அவரே. முடித்தார் என்றால் குதிரையும் நல்ல நாடியோடு, நொண்டாமல் முடித்தது என்று பொருள். அந்தக் குதிரைகளின் பெயர்களும் பதிவாகியிருக்கின்றன: முதலாவது எப்சிலோன் சலூ, இரண்டாவது பெத்ரா தெல் ரே. நாம் அடிக்கச் சொன்ன குதிரைக்கும் பெயர் ஒன்று இருந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகனின் பத்து வயது மகள், தனக்கும் குதிரை வேண்டும் என்றாள். மறுநாள் குற்றாலத்துக்கு அழைத்துச் சென்றோம். சுற்றுலா வந்த குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் மட்டக் குதிரை ஒன்றுடன் ஓர் இளைஞர் மரத்தடியில் நின்றார். ஏற்றிவிடும் முன், குழந்தை மருமகன் சொல்லித் தந்தபடி குதிரையின் தாடை எலும்பின் உட்புறத்தில் விரல் வைத்தாள். நாம் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டோம். அறுபது வினாடிக்கு 58 என்று எண்ணினாள். இப்போதுதான் ஒரு சுற்றுப் போய் வந்தது, அதனால்தான் என்றார் அந்த இளைஞர். “அப்படியானால் சற்று நிற்கட்டும்” என்றோம். அவர் நம்மை விநோதமாய்ப் பார்த்தார். ஆனாலும் கயிற்றைத் தளர்த்திவிட்டார். சாரலில் நனைந்தபடி மூவரும் நின்றோம். குழந்தை மீண்டும் விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள்.