செம்மீன் பாட்டும் முல்லைத்தீவுக் கடலும்

'செம்மீன்' 1965இல் வந்த மலையாளப் படம்.
தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவல், ராமு காரியாட்டின் இயக்கம்.

மீனவப் பெண் கறுத்தம்மா.
முஸ்லிம் வியாபாரி பரீக்குட்டி.
கைகூடாத காதல்.

கரையில் இருக்கும் மனைவியின் கற்புத்தான் கடலுக்குப் போனவனைக் காக்கும் என்ற நம்பிக்கையில் கதை நிற்கிறது.
எவ்வளவு பெரிய பாரம் ஒரு பெண்ணின் தலையில்!

இசை சலில் சௌத்ரி, வங்காளி.
மலையாளத்தில் அவருக்கு இதுவே முதல் படம்.
வரிகள் வயலார் ராமவர்மா.
பரீக்குட்டியின் பிரிவுப் பாட்டைப் பாடிய மன்னா டேயும் வங்காளிதான்.
மலையாள உச்சரிப்பு அவருக்கு முழுதாக வசப்படவில்லை. ஆனாலும் அந்தக் குரலின் ஏக்கத்துக்கு ஈடில்லை.

குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்ற முதல் தென்னிந்தியப் படம் இது.
நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி.

அந்தப் பாட்டைக் கேட்டால் இலங்கையின் முல்லைத்தீவுக் கடல் நினைவுக்கு வருகிறது.
பரந்தன் சந்தியில் ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஏ35 வீதி முல்லைத்தீவுக்குப் போகிறது.
அங்கும் கரைவலை, அங்கும் வாடி, அங்கும் காத்திருக்கும் பெண்கள்.
பக்கத்தில் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன்.
வைகாசிப் பொங்கலுக்கு அங்கே விளக்கெரிவது கடல்நீரில் என்பது நம்பிக்கை.